கருவி கைமாறினால் அதிகாரம் கைமாறுமா? பங்கேற்பு ஒளிப்பட ஆய்வுமுறையும் போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவும்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வுக்குரிய மக்களிடமே ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் படங்களை முன்வைத்து அவர்களோடு கலந்துரையாடி, அவ்வுரையாடலின் பயனை முடிவெடுக்கும் இடத்தில் உள்ளோரிடம் சேர்ப்பது பங்கேற்பு ஒளிப்பட ஆய்வுமுறை ஆகும். இம்முறை மக்களை ஆற்றல்படுத்தும் என்னும் கருத்து ஆய்வுலகில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அவ்வாற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இம்முறையின் மூல ஆவணங்களையும் இந்தியச் சூழலில் நிகழ்ந்த சில முயற்சிகளையும் மதிப்பிட்டு, போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் தொழிலாளரின் சூழலில் கட்டுரை அவற்றைப் பொருத்திப் பார்க்கிறது. படத்தைத் தெரிவுசெய்தல், படத்திற்குச் சொல் தருதல், படத்தை வெளியிடாது நிறுத்திவைத்தல் ஆகிய மூன்று உரிமைகளும் மக்களிடம் இருத்தல் வேண்டும்; படத்தைக் கண்டு விடைசொல்லக் கடமைப்பட்ட ஒரு தரப்பும் இருத்தல் வேண்டும். இவையின்றிக் கருவி மட்டும் கைமாறுவதால் அதிகாரம் இடம்பெயர்வதில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

கருச்சொற்கள்: பங்கேற்பு ஒளிப்படம், ஆற்றல்படுத்தல், ஏலத்தோட்டத் தொழிலாளர், போடிநாயக்கனூர், ஆய்வு அறம், பதிப்புரிமை.

1. முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த வணிக நகரம் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. நகரின் பெயர் ஏலக்காயோடு இணைத்துப் பேசப்பட்டாலும், காய் மிகுதியாக விளைவது மலைக்கு அப்பால், கேரளத்தின் உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களில். அங்குக் காய் எடுப்போரில் கணிசமானோர் தமிழ்நாட்டு அடிவார ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பெண்களே மிகுதி. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மாலையில் அதே வழியில் திரும்புவது அவர்களது அன்றாடம். எடுத்த காய் தோட்டத்து ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையாகக் காய்ந்து, பின்னர் போடியின் கிட்டங்கிகளை அடைகிறது. அங்கும் அதனைத் தரம் பிரிப்போர் பெரும்பாலும் பெண்களே.

இத்தகைய மக்களைப் பற்றி ஆய்வு செய்யும் இளம் ஆய்வாளருக்கு இன்று எளிதில் கிட்டும் அறிவுரை, மக்களிடமே கருவியைக் கொடுத்துவிடுக என்பதாகும். கைப்பேசி பரவிவிட்ட காலத்தில் அதற்குச் செலவும் இல்லை. வினாநிரலுக்கு மாற்றாகவும், மக்களை மதிக்கும் முறையாகவும், ஆய்வேட்டின் பக்கங்களுக்கு உயிரூட்டும் சான்றாகவும் இது தோன்றுகிறது. இக்கட்டுரை கள ஆய்வு முடிவுகளை அறிக்கையிடுவதை நோக்கமாகக் கொண்டதன்று. களத்தில் இறங்குமுன் ஓர் ஆய்வுமுறையை அது செயற்பட வேண்டிய நிலத்தின் மீது வைத்துச் சோதிப்பதே இதன் நோக்கம்.

2. ஏலமலையின் காட்சி வரலாறு

ஏலமலையும் அதனை அடுத்த மலைகளும் ஒளிப்படத்திற்குப் புதியன அல்ல. ஆனால் அங்கு வாழ்வோர் நெடுங்காலம் பார்க்கப்படுவோராகவே இருந்துள்ளனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் பளியர், முதுவர் ஆகியோரைக் குறித்த பதிவுகளும் உண்டு. அளவுகோலும் ஒளிப்படக் கருவியும் தர்ஸ்டனின் ஆய்வில் இணைந்தே இயங்கின. அத்தொகுதிகளில் படமாக்கப்பட்டவர் ஒரு குடியின் மாதிரியாக நிற்கிறார். தம் பெயரோடும் தம் சொல்லோடும் நிற்கும் வாய்ப்பு அவருக்கு அரிது.

அண்மைக் காலத்தில் இம்மலைகள் இரு வகைகளில் பொதுக்காட்சிக்கு வருகின்றன. ஒன்று, கொழுக்குமலைச் சூரிய உதயம் போன்ற சுற்றுலாப் படம். மற்றொன்று பேரிடர்ப் படம். 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் மலையேற்றத்தினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும், 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை விழுங்கியபோதும் இம்மலைகளின் படங்கள் நாடெங்கும் சென்றன. உதயத்திற்கும் பேரிடருக்கும் இடைப்பட்ட வேலைநாள் அப்படங்களில் இடம்பெறவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பிய அரிய முயற்சி, லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம். சுமைகூலிகளின் மலைப்பாதையையும் ஏலக்காய் மூட்டையின் கனத்தையும் அது மையப்படுத்தியது. எனினும் அது ஒரு தேர்ந்த படைப்பாளியின் பார்வை. சரிவில் உழைப்போர் தம் வேலைநாளைத் தாமே பதிவுசெய்தால் என்னவாகும் என்னும் வினா அதன் பின்னும் எஞ்சுகிறது. பங்கேற்பு ஒளிப்படமுறை விடைகூற முன்வருவது இவ்வினாவிற்கே.

3. மூல முறையியல் உண்மையில் கூறியது

இம்முறைக்கு இன்று வழங்கும் ‘போட்டோவாய்ஸ்’ என்னும் பெயரையும் வடிவத்தையும் அளித்தோர் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவுடன் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நடைபெற்ற பெண்கள் இனப்பெருக்க நலத் திட்டத்தில் 62 கிராமப்புறப் பெண்கள் தம் அன்றாடத்தைப் படமெடுத்தனர். இதனை ஒட்டி 1994, 1997ஆம் ஆண்டுகளில் இவ்விருவரும் எழுதிய கட்டுரைகளே இம்முறையின் மூல ஆவணங்களாகக் கொள்ளப்படுகின்றன. பாவ்லோ ஃபிரெய்ரேயின் விமரிசனக் கல்வி, பெண்ணியக் கோட்பாடு, ஆவண ஒளிப்பட மரபு ஆகிய மூன்றும் இம்முறையின் அடித்தளம்.

1997ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்று நோக்கங்களை வகுக்கிறது: மக்கள் தம் சமூகத்தின் வலிமைகளையும் கவலைகளையும் பதிவுசெய்தல், படங்களைக் கொண்டு குழுவாக உரையாடி விமரிசன அறிவை வளர்த்தல், கொள்கை வகுப்போரைச் சென்றடைதல். படங்களைத் தெரிவுசெய்தல், சூழலோடு பொருத்திக் கதைசொல்லல், பொதுக்கருத்துகளை வகைப்படுத்தல் என்னும் பகுப்பாய்வின் மூன்று படிகளும் பங்கேற்போருக்கு உரியவை என அது கருதுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்க செய்தி மூன்றாம் நோக்கம் நிறைவேற்றப்பட்ட விதம். யுன்னான் திட்டத்தில் அரசு அலுவலரும் உள்ளூர்த் தலைமையும் அடங்கிய வழிகாட்டுக் குழு முன்கூட்டியே அமைக்கப்பட்டது. படங்கள் எடுக்கப்பட்ட பின்னர்ப் பார்வையாளரைத் தேடும் நிலை அங்கு இல்லை. வயலில் தாய் களையெடுக்க, வரப்போரத்தில் கைக்குழந்தை தனித்துக் கிடக்கும் படம் அத்திட்டத்தின் பெயர்பெற்ற படங்களுள் ஒன்று. குழந்தைகள் காப்பகம் பற்றிய பேச்சிற்கு அப்படம் வழிவகுத்தது. படத்தின் அழகோ உருக்கமோ மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. அப்படத்தைக் கண்டு செயற்படக்கூடிய இடத்தில் இருந்தோர் அவ்வறையிலேயே அமர்ந்திருந்தனர் என்பதும் காரணம்.

4. பயணத்தில் உதிர்ந்தவை

ஓர் ஆய்வுமுறை நாடு விட்டு நாடு செல்லும்போது எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பகுதி மட்டுமே பயணப்படுகிறது. இம்முறையில் எளிய பகுதி கருவியைக் கொடுத்தலும் கண்காட்சி வைத்தலும். கடினமான பகுதி நெடுநாள் உறவும் வழிகாட்டுக் குழுவும். பொதுநலவாழ்வுத் துறையில் வெளிவந்த 37 கட்டுரைகளைத் தொகுத்து மதிப்பிட்டு கத்தலானி, மிங்க்லர் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வும், பங்கேற்பின் அளவு திட்டத்திற்குத் திட்டம் பெரிதும் வேறுபடுவதையும், பங்கேற்பு மிகுந்த திட்டங்களிலேயே சமூகச் செயற்பாடு தொடர்வதையும் சுட்டியது. முறையின் பெயர் ஒன்றாக இருந்தாலும், அப்பெயரின் கீழ் நிகழ்வது ஒன்றல்ல.

இவ்வுதிர்வின் விளைவை இந்தியச் சூழலில் தெளிவாகக் காட்டுவது, சானா பிரிஸ்கி, ராஸ் காஃப்மன் இயக்கத்தில் 2004இல் வெளிவந்து, 2005இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ திரைப்படம். கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு ஒளிப்படம் கற்பித்ததை அது பேசுகிறது. குழந்தைகளின் படங்களில் துடிப்பு உண்டு. அவர்களின் கண்ணுக்கு மதிப்பும் கிடைத்தது. ஆயினும் அப்பகுதியில் 1990களிலிருந்தே இயங்கிவந்த பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்பான ‘துர்பார்’ அப்படத்தில் காணப்படாமை கடும் விமரிசனத்திற்கு உள்ளானது. தாய்மார் தம் உரிமைக்கெனத் திரண்டிருந்த வரலாறு மறைந்து, குழந்தைகளை அங்கிருந்து வெளியேற்றும் ஒருவரின் கதை எஞ்சியது. கருவி குழந்தைகளிடம் இருந்தது. கதை அவர்களிடம் இல்லை.

தமிழில் நாம் பயன்படுத்தும் சொல்லும் இங்குச் சிந்தனைக்குரியது. ‘அதிகாரமளித்தல்’ என்னும் சொல் தன்னுள்ளேயே ஒரு கொடுப்பவரைக் கொண்டுள்ளது. அளிப்பவர் ஆய்வாளர் அல்லது நிறுவனம்; பெறுபவர் மக்கள். ‘வலுவூட்டல்’ என்பதும் ஊட்டும் கையை முன்னிறுத்துகிறது. கருவியைக் கொடுத்தல் என்னும் செயல் இச்சொல்லோடு இயல்பாகப் பொருந்திவிடுவதால், கொடுத்ததோடு கடன் முடிந்தது என்னும் மயக்கம் எளிதில் உண்டாகிறது. பில் குக், உமா கோத்தாரி ஆகியோர் தொகுத்து 2001இல் வெளிவந்த நூல், பங்கேற்பே ஒரு புதிய கொடுங்கோன்மை ஆகுமோ என வினவியது இத்தகைய மயக்கத்தை நோக்கியே.

5. உள்நாட்டில் கிடைக்கும் இரு பாடங்கள்

இம்முறையின் குறைகளைக் காட்டுவதோடு நிற்காமல், அது வேரூன்றிய இடங்களையும் நோக்குதல் வேண்டும். தெலங்கானாவின் சகீராபாத் பகுதியில் பஸ்தாப்பூரை மையமாகக் கொண்ட தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண் உழவர்கள், தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து நிகழ்படம் எடுக்கப் பயின்று தமக்கென ஒரு சமூக ஊடக அமைப்பை உருவாக்கினர். எழுத்தறியாத பெண்கள் பலர் அதில் இருந்தனர். கருவியின் கோணங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் ஆய்வாளரின் கவனத்திற்குரியவை. மேலிருந்து கீழ்நோக்கி எடுக்கும் கோணம், நிலக்கிழார் தம்மைப் பார்க்கும் பார்வையாதலால் ‘பட்டேல்’ கோணம். கீழிருந்து அண்ணாந்து எடுப்பது அடிமையின் கோணம். கண்ணுக்கு நேராக எடுப்பது, அனைவரும் தரையில் சமமாக அமரும் ‘சங்கம்’ கோணம். தொழில்நுட்பச் சொல்லைக் கற்றுக்கொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. தம் வாழ்விலிருந்து ஒரு காட்சி இலக்கணத்தையே அமைத்துக்கொண்டனர். படத்திற்குச் சொல் தரும் உரிமை என இக்கட்டுரை குறிப்பது இதனையே. அவ்விலக்கணம் பிறப்பதற்குப் பெண்களின் கிராமச் சங்கங்கள் முன்னரே இருந்தமையையும் மறத்தலாகாது.

மற்றொரு பாடம் மதுரையிலிருந்து கிடைக்கிறது. ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும், பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையக் களஞ்சியத்தின் ஒளிப்படக் கலைஞருமான ம. பழனிக்குமார், உழைக்கும் குடும்பத்தில் பிறந்து அவ்வாழ்வையே படமாக்குபவர். மீன் விற்ற தம் தாயைப் பல ஆண்டுகள் படமெடுத்து அவர் எழுதிய கட்டுரை பரவலாக அறியப்பட்டது. தாம் கற்றதைத் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவச் சமூகத்தினருக்கும் அவர் கற்பித்துவருகிறார். இங்குக் கற்பிப்பவர் வெளியாள் அல்லர். கால எல்லை ஆண்டுகளில் அளக்கப்படுகிறது. படமும் எழுத்தும் எடுத்தவரின் பெயரோடு மக்கள் மொழியில் வெளிவருகின்றன. மூன்று மாதக் களப்பணியால் இவ்வுறவை ஈடுசெய்ய இயலாது.

6. ஏலமலைச் சரிவில் மூன்று சோதனைகள்

மேற்கண்ட பாடங்களைப் போடியின் சூழலில் வைக்கும்போது, இம்முறை மூன்று இடங்களில் சோதனைக்குள்ளாகிறது.

அ) வேலையிடம் யாருடையது?

யுன்னான் பெண்கள் தம் ஊரையும் தம் வயலையும் படமெடுத்தனர். ஏலக்காய் எடுப்பவர் பணிபுரியும் நிலம் பிறருடையது. அங்குக் கருவியை வெளியே எடுப்பதே ஒரு மீறலாகக் கொள்ளப்படலாம். ஏலச்செடியில் காய்க்கும் சரம் தூரின் அடியில், மண்ணையொட்டி வளர்கிறது. ஆதலால் காய் எடுப்பவர் குனிந்தோ அமர்ந்தோ தூருக்குத் தூர் நகர வேண்டும். இரு கைகளும் வேலையில் இருக்கும். நிழல்மரங்களின் கீழ் வெளிச்சமும் குறைவு. கூலி எக்கணக்கில் தரப்பட்டாலும், படமெடுக்க நிற்கும் நேரம் வேலைநேரத்திலிருந்தோ உணவு இடைவேளையிலிருந்தோதான் வர வேண்டும். மறுநாள் ஜீப்பில் இடம் உண்டா இல்லையா என்பது ஆளெடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும் நிலையில், ஒரு படத்தின் விலை ஒரு நாள் வேலையாகவும் இருக்கக்கூடும். இவ்விலையைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, பங்கேற்பு என்னும் பெயரில் இடரை மக்களிடம் ஒப்படைத்து, பயனைத் தான் எடுத்துக்கொள்கிறது.

ஆ) படத்தில் விழாதவை

யுன்னானின் வரப்போரக் குழந்தை படத்தில் விழுந்தது. போடியிலிருந்து செல்லும் தாயின் குழந்தை தோட்டத்தில் இராது. பாட்டியிடமோ அண்டை வீட்டிலோ விடப்பட்டிருக்கும். ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ பணியாற்றும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஏலத்தோட்டங்களும் அச்சட்டத்தின் வரம்பில் இடம்பெற்றன. ஆனால் நாள்தோறும் மலையேறி இறங்கும் பெண்ணின் குழந்தை, சட்டத்தின் கண்ணிலும் படத்தின் சட்டகத்திலும் விழுவதில்லை. மருந்து அடித்த தோட்டத்தின் வாடை, முன்பணக் கடன், ஜீப் கிளம்பும் இருட்டு, இறங்கும்போது முழங்காலில் எழும் வலி ஆகியனவும் அத்தகையன. வாழ்வின் பெருஞ்சுமைகள் சில ஒளியில் பதிவாகா. எனவே இங்குப் படம் தன்னளவில் சான்றாகாது. பேச்சைத் தொடங்கும் வாயிலாக மட்டுமே அமையும். படத்தைவிட, அதனைச் சூழ்ந்து பெண்கள் பேசும் பேச்சே தரவு. அப்பேச்சை ஆய்வு நடைக்கு மாற்றி எழுதும்போது, அதனைச் சொன்னவரின் தொனியும் குற்றச்சாட்டும் உதிர்ந்துவிடாமல் காப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

இ) யாரிடம் காட்டுவது?

மூன்றாம் சோதனையே கடினமானது. தொழிலாளரின் வாக்கு போடிநாயக்கனூர்த் தொகுதியில்; வேலை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். தோட்டங்களை ஆய்விடும் பொறுப்பு கேரளத் தொழிலாளர் துறையினுடையது. கூலி பற்றிய பேச்சு நிகழ்வதும் அம்மாநிலத்தின் தோட்டத் தொழிற்குழுவில். அளவுக்கு மீறி ஆளேற்றும் ஜீப்போ புறப்படுவது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். கடப்பது இரு மாநிலச் சாலைகளை. ஒரே பெண்ணின் ஒரே வேலைநாள் இரு அரசுகளுக்கிடையே பகுக்கப்பட்டுள்ளது. போடியில் ஒரு திருமண மண்டபத்தில் கண்காட்சி வைத்து மாவட்ட அலுவலரை அழைத்தால், அவர் வருந்தலாம். தோட்டத்து நிலைமையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. மூல முறையியலின் மூன்றாம் நோக்கத்தை இங்கு நிறைவேற்ற வேண்டுமாயின், வழிகாட்டுக் குழு எல்லையின் இருபுறமும் பரந்ததாய், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவதாய் இருத்தல் வேண்டும். படங்களின் விளக்கங்களும் இருமொழியில் அமைதல் வேண்டும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது, 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்னும் பெயரில் நடத்திய போராட்டம். சாலையில் அமர்ந்த அப்பெண்களின் படங்கள் எங்கும் பரவின. 20 விழுக்காடு போனஸ் கோரிக்கையில் அவர்கள் வென்றனர். படங்கள் அவ்வெற்றிக்குத் துணைநின்றன. ஆனால் வெற்றியை ஈட்டியது, வேலையை நிறுத்தும் வலிமையோடு அவர்கள் திரண்டமை. அவர்கள் தோட்டத்திலேயே குடியிருந்தவர்கள்; ஒருவரையொருவர் நாள்தோறும் சந்திப்பவர்கள். பல ஊர்களிலிருந்து பல ஜீப்புகளில் பல தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் ஏலத்தொழிலாளருக்கு அத்தகைய பொது இடம் அரிது. பங்கேற்பு ஒளிப்படத்தின் குழு உரையாடல் அப்பொது இடத்தைச் சிறு அளவிலேனும் உண்டாக்க முடியுமாயின், அதுவே போடியில் இம்முறையின் முதற்பயனாக அமையும்.

7. உரிமையும் மறுப்பும்

ஆய்வு அறம் பற்றிய நம் பேச்சு ஒப்புதல் படிவத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. படம் எடுத்தவருக்கு அதன்மீது சட்ட உரிமை உண்டு என்பது அரிதாகவே நினைக்கப்படுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒளிப்படத்தின் படைப்பாளர் அதனை எடுத்தவரே. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர் அவ்வுரிமை அவரது வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் வேண்ட, மதிப்புடைய கைம்மாறு பெற்றுக்கொண்டு படம் எடுக்கப்பட்டால், மாறான உடன்பாடு இல்லாதபோது வேண்டியவரே முதல் உரிமையாளர் ஆவார். பங்கேற்கும் பெண்ணுக்கு இழந்த கூலிக்கு ஈடாக ஆய்வாளர் ஒரு தொகை கொடுத்தால், நியாயமான அச்செயலே படத்தின் உரிமையை ஆய்வாளரிடம் சேர்ப்பதாக வாதிட இடமுண்டு. ஆகவே ஈட்டுத்தொகை தருவதோடு, உரிமை எடுத்தவரிடமே நிலைக்கும் என்னும் எழுத்து உடன்பாடும் அவருக்குப் புரியும் தமிழில் அமைதல் வேண்டும். ஒரு பத்தியில் எழுதி முடிக்கத்தக்க இவ்வுடன்பாடு, ஆற்றல்படுத்தல் பற்றிய பல பக்க விளக்கங்களைவிட உறுதியான பயன் தரும்.

உரிமையின் மறுபக்கம் மறுப்பு. எடுத்த படத்தை வெளியிடாதிருக்கவும், வெளியிட்டபின் திரும்பப் பெறவும் பங்கேற்பவருக்கு வழி இருத்தல் வேண்டும். எல்லைப் பகுதியில் இது வெறும் கோட்பாடு ஆகாது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது எல்லை கொதிநிலை அடைந்தது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி அடிவாரத்திற்கு இறங்கினர். அத்தகைய ஒரு பொழுதில், தோட்டத்துக் குறையைக் காட்டுவதற்கென ஒரு பெண் எடுத்த படம், ஒரு மாநிலம் மற்றொன்றைப் பழிக்கும் படமாக மாற்றப்படலாம். அவள் கேட்டது காப்பகமும் பாதுகாப்பான வண்டியும். அப்படத்தின் பெயரால் எழுவதோ இனப்பகை. அதன் விளைவைச் சுமப்பவள் மறுநாள் அதே தோட்டத்திற்குச் செல்ல வேண்டிய அவளே. முகம் மறைத்தல் இங்குப் போதுமான காப்பு ஆகாது. உடன் உழைப்போரும் மேற்பார்வையாளரும் ஒரு கையை, ஒரு சேலையை, ஒரு தூரின் வரிசையைக் கொண்டே தோட்டத்தையும் ஆளையும் அறிந்துகொள்வர். வாங், ரெட்வுட்-ஜோன்ஸ் ஆகியோர் 2001இல் இம்முறையின் அறம் குறித்து எழுதியபோது, படமெடுப்பவரின் ஒப்புதல், படத்தில் இருப்பவரின் ஒப்புதல், வெளியிடுவதற்கான ஒப்புதல் எனப் பலவற்றைத் தனித்தனியே பெற வலியுறுத்தினர். எல்லையோரச் சூழலில் வெளியிடுவதற்கான ஒப்புதல் ஒருமுறை பெற்று முடிப்பதாக இல்லாமல், ஒவ்வொரு புதிய பயன்பாட்டின்போதும் மீளக் கேட்கப்படுவதாக அமைதல் வேண்டும்.

8. ஒரு மறுப்புரையும் விடையும்

இத்தனை நிபந்தனைகளை விதித்தால் இம்முறையை எவரும் பயன்படுத்த இயலாது என ஒருவர் கூறலாம். அரசை அசைத்தல் மட்டுமே ஆற்றல் அன்று. தன் வாழ்வைத் தானே நோக்கி, அதற்குச் சொல் கண்டுபிடிக்கும் பெண்ணின் உள்ளத்தில் நிகழும் மாற்றமும் ஆற்றலே எனவும் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பஸ்தாப்பூர்ப் பெண்களின் கோணப்பெயர்கள் எந்த அரசாணையையும் எதிர்நோக்கிப் பிறந்தவை அல்ல. தன்னறிவின் வளர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் கருத்தும் அன்று.

ஆயினும் இரண்டு வேறுபாடுகள் பேணப்பட வேண்டும். முதலாவது, தன்னறிவு வளர்ந்தது என்பதை யார் சொல்வது? பங்கேற்றவர்கள் மகிழ்ந்தனர், தன்னம்பிக்கை பெற்றனர் என ஆய்வாளரே எழுதி முடிப்பது போதாது. அதனை மறுக்கவும் அவர்களுக்கு இடம் இருந்ததா என்பதே சோதனை. இரண்டாவது, தன்னறிவு மட்டுமே கிட்டக்கூடிய ஓர் ஆய்வில், கொள்கை மாற்றத்தின் நம்பிக்கையை மக்களிடம் விதைப்பது நேர்மையாகாது. தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிடும் ஆய்வு சிறிதாயினும் மதிப்புடையது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத்தின் பங்கும் பேசப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுதி ஆறு ஆண்டுகள் என வரையறுக்கின்றன. ஏலக்காய் எடுப்பு ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை நீளும் பருவத்தொழில். ஆய்வாளரின் நாட்காட்டியும் தோட்டத்தின் நாட்காட்டியும் பொருந்த வேண்டுமாயின், ஒரு பருவத்தில் படமும் பேச்சும், அடுத்த பருவத்தில் மீள்பார்வையும் திருத்தமும் எனக் குறைந்தது இரு பருவங்கள் வேண்டும். நெறியாளரும் ஆய்வுக்குழுவும் எத்தனை படங்கள் திரட்டினீர் என வினவுவதற்கு முன், எத்தனை படங்களை மக்கள் திரும்பப் பெற்றனர் என வினவலாம். திரும்பப் பெற்ற படங்கள் ஒன்றும் இல்லையெனில், மறுக்கும் வாய்ப்பு உண்மையில் இருந்ததா என்பது அடுத்த வினாவாக அமையும்.

9. முடிவுரை

• பங்கேற்பு ஒளிப்பட ஆய்வுமுறையின் மூல வடிவத்தில், விடைசொல்லக் கடமைப்பட்ட தரப்பு தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது. பின்வந்த பயன்பாடுகளில் அது உதிர்ந்து, கருவியும் கண்காட்சியும் எஞ்சும் போக்கு காணப்படுகிறது.

• சோனாகாச்சி, பஸ்தாப்பூர், மதுரை ஆகிய மூன்று சான்றுகளையும் ஒப்புநோக்கும்போது, மக்களின் சொந்த அமைப்பும் நெடுநாள் உறவும் உள்ள இடத்திலேயே படம் அவர்களுடையதாக நிலைக்கிறது எனத் தெரிகிறது.

• போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவில் வேலையிடம் பிறருடையது. பெருஞ்சுமைகள் பல படத்தில் விழாதவை. அதிகாரம் இரு மாநிலங்களுக்கிடையே பகுக்கப்பட்டது. ஆகவே இங்கு இம்முறை இருமாநில வழிகாட்டுக் குழுவுடனும் இருமொழி விளக்கங்களுடனும் மட்டுமே தன் மூன்றாம் நோக்கத்தை எட்ட இயலும்.

• பதிப்புரிமை எடுத்தவரிடமே நிலைக்கும் என்னும் எழுத்து உடன்பாடும், படத்தைத் திரும்பப் பெறும் வழியும் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக முன்கூட்டியே அமைதல் வேண்டும்.

ஏலக்காய் துளையளவு பார்த்துச் சல்லடையில் தரம் பிரிக்கப்பட்டு, நிறமும் பருமனும் நோக்கி விலை குறிக்கப்படுகிறது. அதனை எடுத்த கையை நோக்க ஏல மையத்தில் எவருக்கும் தேவை இல்லை. பங்கேற்பு ஒளிப்படம் அக்கையைக் காட்டும் வாய்ப்பைத் தருகிறது. எதைக் காட்டுவது, என்ன சொல்லிக் காட்டுவது, யாரிடம் காட்டாதிருப்பது ஆகியவற்றை அக்கைக்குரியவரே முடிவுசெய்யும் நிலை ஏற்படும்போதுதான் அவ்வாய்ப்பு ஆற்றலாக மாறும். அந்நிலையை அமைப்பது ஆய்வாளரின் நல்லெண்ணத்திற்கு விடப்பட வேண்டியதன்று. ஆய்வு வடிவமைப்பிலேயே எழுதப்பட வேண்டியது.